ஒன்று தாண்டி, ஒன்று குறைந்து

செருப்புக் கடையில் முதலில் ஒன்பதாம் நம்பர் கேட்டார். போட்டு நாலடி நடந்தார். கழற்றினார். ஏழாம் நம்பர் கேட்டார். குதிகால் வெளியே நின்றது. கழற்றினார்.

"உங்க காலுக்கு எட்டுதான் சார். பாத்ததுமே தெரியுது," என்றார் கடைக்காரர்.

"எனக்கும் தெரியும். எட்டுதான்."

"அப்ப ஒன்பதும் ஏழும் எதுக்கு சார்?"

"நேரா எட்டப் போட்டா அது சரின்னு எப்படித் தெரியும்?"

கடைக்காரர், வந்தவரின் பக்கத்தில் நின்ற அவர் மனைவியைப் பார்த்தார். அவள் வேறு திசையில் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எட்டையே கட்டிக் குடுங்க. ரெண்டோட விட்டாரேன்னு சந்தோஷப்படுங்க. திரைத்துணி வாங்கின கடையில இப்ப எங்கள உள்ளயே விடறதில்ல."

அவரை எல்லோரும் 'பாதி' என்பார்கள். வீட்டில் வைத்த பெயர் வேறு. இது ராணுவத்தில் வந்தது, வயதானதும் 'பாதியண்ணன்' ஆனது.

கனரக மோர்ட்டார் பிரிவில் பத்தொன்பது வருஷம் இருந்தார். மோர்ட்டார் என்பது குண்டை நேராக எறியாமல் வானத்தைப் பார்த்துத் தூக்கிப் போடும் தடித்த குழாய். நடுவில் மேடோ மதிலோ இருக்கும். சுடுகிறவனுக்கு இலக்கு தெரியாது. மேட்டின்மேல் ஒருவன் தொலைநோக்கியோடு படுத்துக்கொண்டு ரேடியோவில் சொல்வான்: தாண்டிவிட்டது, குறைந்துவிட்டது. குழாய்க்குப் பின்னால் கூடாரத்தில் ஒருவன் பலகையும் அளவுகோலும் வைத்துக் கணக்குப் போடுவான். அவன்தான் இவர். முதல் குண்டை வேண்டுமென்றே தாண்ட விடுவார். இரண்டாவதை வேண்டுமென்றே குறைய விடுவார். பிறகு கூடாரத்திலிருந்து "பாதி" என்று குரல் வரும். அதுவும் தாண்டினால் மறுபடி "பாதி". மேட்டில் இருப்பவனுக்கு இடதாகத் தெரிவது குழாய்க்கு வலதாக இருக்கலாம். அதை மாற்றிப் படிப்பதும் அவர் வேலைதான்.

பத்தொன்பது வருஷத்தில் யுத்தம் எதுவும் வரவில்லை. மேட்டுக்கு அப்பால் வெள்ளையடித்து நிறுத்திய எண்ணெய்ப் பீப்பாய்கள்தான் எதிரி. அவற்றையும் அவர் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற அன்று ஒரே ஒரு தடவை காட்டச் சொல்லிக் கேட்டார்.

"இருந்தா காட்ட மாட்டமா? அதான் நீங்க அடிச்சு முடிச்சிட்டீங்களே," என்றார் மேலதிகாரி.

மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். பார்வை சோதிக்கும் நாற்காலியில் ஆளை உட்கார வைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா? இதுவா?" என்று கேட்கும் வேலை. இருபத்தாறு வயதில் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் முதலில் ஒரு லென்ஸைப் போட்டாள். "அதிகம்," என்றார். இன்னொன்றைப் போட்டாள். "கம்மி." மூன்றாவதைப் போட்டாள். சுவரிலிருந்த எழுத்துகள் கடைசி வரி வரைக்கும் தெரிந்தன. அவர் எழுத்துகளைப் பார்க்கவில்லை.

முதலில் ஒன்பது பக்கத்தில் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. அடுத்து ஒரே வரி எழுதினார். 'இதற்கு என்ன அர்த்தம்?' என்று அதன் அடியிலேயே எழுதித் திருப்பி அனுப்பினாள். மூன்றாவது கடிதம் ஐந்து பக்கம். கல்யாணம் நடந்தது. ஒன்பது பக்கத்தைப் படித்தபோதே சம்மதித்துவிட்டதாகவும், பதிலுக்கு அத்தனை பக்கம் எழுத நேரமில்லை என்றும் பிற்பாடு சொன்னாள். அவர் அதை ஏற்றுக்கொள்ளவே இல்லை.

ஓய்வுக்குப் பிறகு ராணுவ அருங்காட்சியகத்தில் காவலர் வேலை கிடைத்தது. ஆறாம் அறை. அதில் நான்கே பொருள்கள். வாசலருகே குட்டையாக, அகல வாயோடு, உரல் மாதிரி ஒன்று. கோட்டை முற்றுகைக் காலத்தது. அதை 'குண்டன்' என்பார். அதற்குப் பக்கத்தில் ஆட்கள் கைப்பிடி பிடித்துத் தூக்கிப் போகிற சின்னது. ஓரத்தில் பதுங்குகுழிச் சண்டைக்கென்று செய்த ஒல்லிக் குழாய். நடுவில், சிமென்ட் தரையில், நூற்றிருபது மில்லிமீட்டர் வாய்கொண்ட கனரக மோர்ட்டார். அவர் வேலை பார்த்த அதே ரகம். சுவரில், அவற்றைவிடப் பலமடங்கு பெரிய ஒரு பழைய மோர்ட்டாரின் படம்.

ஆறாம் அறையைக் கடந்துதான் கழிவறைக்குப் போக வேண்டும். வருகிறவர்கள் குண்டனுக்குள் டிக்கெட் துண்டுகளைப் போட்டுவிட்டுப் போவார்கள். குழந்தையை உள்ளே உட்கார வைத்துப் படம் எடுத்த தம்பதியும் உண்டு. யாராவது ஒரு நொடி தயங்கி நின்றால் போதும், இவர் நாற்காலியை விட்டு எழுந்து ஆரம்பித்துவிடுவார்.

ஒருநாள் கையில் காய்கறிப் பையோடு ஒரு பெண்மணி கழிவறையைத் தேடி வந்தாள். இவர் குண்டனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் இரண்டு தடவை தீ வைக்க வேண்டும். முதலில் வாய்க்குள் இருக்கும் குண்டின் திரிக்கு. அப்புறம் பின்னால் வந்து வெடிமருந்துக்கு. "ரெண்டாவது தீ பிடிக்கலன்னா?" என்று அவள் கேட்டாள். "குண்டு உள்ளயே இருக்கும். திரி எரிஞ்சுக்கிட்டே இருக்கும்." "அய்யய்யோ. அப்புறம்?" "அப்புறம் ஓட்டம்தான். பின்னால இருக்கற வெடிமருந்தோட நெருப்பே திரியையும் பத்த வைக்கும்னு கண்டுபிடிக்க ரொம்ப வருஷம் ஆச்சு." அவள் வாய் திறந்தபடி நின்றாள். வந்த காரியம் மறந்துவிட்டது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமலே மனைவியிடம் சொன்னார். "இன்னிக்கு விழுந்தது. கண்ணால பாத்தேன்."

என்ன விழுந்தது என்று அவள் கேட்கவில்லை. கூடாரத்துக்குள் இருந்த பத்தொன்பது வருஷத்தையும் அவள் அறிவாள்.

புது இயக்குநர் வந்தார். கையில் நிறுத்தக் கடிகாரம் வைத்திருந்தார். ஒரு வாரம் ஒவ்வொரு அறையிலும் நின்று, வருகிறவர்கள் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று குறித்தார். பிறகு இவரைக் கூப்பிட்டார்.

"ஆறாம் ரூம்ல ஒருத்தர் சராசரியா நாப்பத்தெட்டு செகண்ட் நிக்கறாங்க."

"பரவாயில்லையே மேடம்."

"அதுல நாப்பது செகண்ட் கழிவறைக்கு வரிசை."

அவர் நிறுத்தக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அத டீ ரூம் ஆக்கலாம்னு இருக்கோம். பொருளெல்லாம் கிடங்குக்குப் போயிடும். உங்களக் கொடி ரூமுக்கு மாத்தறேன். ஃபேன் இருக்கு. ஒண்ணாந்தேதி கமிட்டி வருது. நீங்க ஏதாவது சொல்லணும்னா அவங்ககிட்டயே சொல்லுங்க. சுருக்கமா."

கொடி அறையைப் பற்றி அவருக்குத் தெரியும். கொடிகளைப் பார்த்து யாரும் வாய் திறந்து நிற்பதில்லை. ஃபேன் எங்கே என்று பார்ப்பார்கள்.

ஒன்றாம் தேதிக்குப் பத்து நாள் இருந்தது. சுருக்கம் என்றால் எவ்வளவு? தூரம் தெரியாமல் அவரால் பேச முடியாது. ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வந்தது. வேண்டுமென்றே தாண்ட விட்டார். ஒரு மணி ஐம்பது நிமிஷம். முற்றுகையில் ஆரம்பித்துப் பதுங்குகுழிக்கு வருவதற்குள் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, பிறகு படுத்தார்கள். "ஐயா, பஸ் டிரைவர் திட்டறாரு," என்று ஆசிரியை கெஞ்சினாள். மறுநாள் ஓய்வூதியர் சங்கத்திலிருந்து வந்தார்கள். வேண்டுமென்றே குறைத்தார். இரண்டு நிமிஷம். "இதுக்கா மாடியேறி வந்தோம்?" என்றார் ஒருவர்.

பாதி என்றால் ஐம்பத்தாறு நிமிஷம்.

ஐம்பத்தாறை மனைவியிடம் சோதித்தார். அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கேட்டாள். இருபதாவது நிமிஷத்தில் துணி மடிக்க ஆரம்பித்தாள். நாற்பதில் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"தாண்டிடுச்சு?"

"நம்ம தெருவையே தாண்டிடுச்சு."

அடுத்த நாள் இருபத்தொன்பது. அதற்கடுத்து பதினைந்து. பதினைந்தில் அவள் துணியைத் தொடவில்லை. ஆனால் அவருக்குத் திருப்தி இல்லை.

"நீ முப்பது வருஷமா என்னைக் கேக்கற. பழகிப்போச்சு. கமிட்டிக்கு எந்த எடத்துல தாண்டுது, எங்க குறையுதுன்னு எனக்கு யாரு சொல்வா? நீ வாயேன்."

அவள் இதுவரை ஆறாம் அறைக்கு வந்ததில்லை. வீட்டிலேயே தினமும் ஆறாம் அறைதான் என்பாள்.

"நான் வந்து என்ன பண்ண?"

"அவங்களுக்குப் பின்னால நில்லு. அவங்க மூஞ்சி கொட்டாவி விட்டா வலது கையால தலையத் தொடு. தாண்டுதுன்னு அர்த்தம். ஆர்வமா இருந்தா இடது கை. இன்னும் சொல்லுன்னு அர்த்தம்."

"பின்னால நின்னா மூஞ்சி எப்படிங்க தெரியும்?"

"சரி, பக்கவாட்டுல, ஜன்னல் பக்கம் நில்லு. நீ என்னப் பாத்து நிப்ப. உன் வலது எனக்கு இடது பக்கம் தெரியும். அத நான் மாத்திப் படிச்சுக்கறேன். அந்தக் கவலை உனக்கு வேண்டாம்."

அவள் தலையாட்டினாள். கவலை இருந்தது. வீட்டில் அவர் குழாயை மூடச் சொன்னால் திறப்பவர். கமிட்டி முன்னால் பதற்றத்தில் மாற்றிப் படிக்கவா போகிறார்? ஆகவே தானே மாற்றிக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தாள். தாண்டினால் இடது கையைத் தூக்கிவிட்டால் அது அவருக்கு வலது பக்கம் தெரியும், வேலை முடிந்தது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் பாதி போடுவார்.

ஒன்றாம் தேதி கமிட்டி வந்தது. தலைவர் வயதானவர், பெரிய கண்ணாடி அணிந்திருந்தார். அது மூக்கின் நுனிக்கு இறங்கியபடியே இருந்தது. கூட ஒரு பொறியாளர், ஒரு பேராசிரியை. பொறியாளர் வந்ததும் அளவு நாடாவை நீட்டி, மேஜை எத்தனை போடலாம் என்று தரையை அளந்தார். இயக்குநர் கதவருகே நின்றார். மனைவி கடையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து ஜன்னல் அருகே பார்வையாளர் மாதிரி நின்றாள்.

"அஞ்சு நிமிஷம் தரோம்," என்றார் தலைவர்.

பதினைந்து நிமிஷக் கணக்கு அங்கேயே கவிழ்ந்தது. ஆனால் அவர் கூடாரத்தில் இருந்தவர். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தொடங்கினார்.

"கோட்டை மதில உடைக்கறதுக்குப் பீரங்கி. மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கறவன் தலையில போடறதுக்கு இந்தக் குண்டன். இவன் மதிலச் சட்டை பண்ண மாட்டான்."

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். மனைவி இடது கையால் தலையைத் தொட்டாள். தாண்டுகிறது என்று அர்த்தம், அவள் மாற்றிய கணக்கில். கை தன் வலது பக்கத்தில் தெரிவதை அவர் பார்த்தார். பத்தொன்பது வருஷப் பழக்கம் ஒரு நொடிகூட எடுக்கவில்லை. எனக்கு வலது, அவளுக்கு இடது. இடது என்றால் இன்னும் சொல்.

அவர் இன்னும் சொன்னார். சுவரிலிருந்த படத்தைக் காட்டினார்.

"இவனுக்கு வாய் மட்டும் முப்பத்தாறு அங்குலம். நாப்பது டன்னுக்கு மேல. ஒரு யுத்தத்துக்காகச் செய்ய ஆரம்பிச்சாங்க. செஞ்சு முடிக்கறதுக்குள்ள யுத்தம் முடிஞ்சுபோச்சு. சோதனைக்குப் பத்தொன்பது குண்டு போட்டாங்க. ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒண்ணு உடைஞ்சுது. அதோட நிறுத்திட்டாங்க. நானும் பத்தொன்பது வருஷம்தான். நானும் யுத்தம் பாக்கல."

பேராசிரியை சிரித்தாள். மனைவி அதைப் பார்த்து வலது கையைத் தூக்கினாள். விடாதே, சொல்லு என்று. அவர் அதைத் தாண்டுகிறது என்று படித்தார். சிரிப்பு வந்த இடத்திலேயே படத்தை விட்டுவிட்டுச் சட்டென்று ஒல்லிக் குழாய்க்குத் தாவினார்.

"இத ராணுவத்துல இல்லாத ஒரு பொறியாளர் யோசிச்சாரு. ஒரு குழாய், அடியில ஒரு ஆணி, முட்டுக்கு ரெண்டு கால். குண்ட மேலிருந்து போட்டா, ஆணியில இடிச்சு, தானா வெளிய வரும். அவ்வளவுதான்."

பொறியாளர் கொட்டாவி விட்டார். மனைவி இடது கை. அவர் குழாயை விரிவாக விளக்கத் தொடங்கினார். கொட்டாவி வரும் இடமெல்லாம் நீண்டது. கண் விரியும் இடமெல்லாம் வெட்டுப்பட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையை இன்னும் உயரத் தூக்கினாள். அவர் உற்சாகமானார். இப்படிச் சுட்டதே இல்லை என்று நினைத்தார். இருபது நிமிஷம் ஆகிவிட்டது.

"என்ன மாமி, தலையில பூச்சி ஏதாவதா?" என்று இயக்குநர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஆமாம்மா. முப்பது வருஷமா."

அவர் அதற்குள் நடுவிலிருந்த பெரிய மோர்ட்டாரிடம் வந்துவிட்டார். மனைவியின் இரண்டு கைகளும் தலையில் இருந்தன. இதற்கு அவர்கள் அர்த்தம் வைத்திருக்கவில்லை. முழுச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். மூலையிலிருந்து பயிற்சிக்கான மரக்குண்டைத் தூக்கி வந்து தலைவர் கையில் கொடுத்தார்.

"இது லேசு. உண்மையில பதினாறு கிலோ. நீங்கதான் குண்டு போடறவரு சார். போட்டதும் குனிஞ்சு, திரும்பி, காதப் பொத்தி, வாயத் திறங்க."

"வாய எதுக்கு?"

"இல்லன்னா காது போயிடும் சார்."

தலைவர் தயங்கினார். பேராசிரியை "போடுங்க சார்" என்றாள். பொறியாளர் அளவு நாடாவைச் சுருட்டினார். தலைவர் குண்டைக் குழாயின் வாயில் வைத்து விட்டார். அது சர்ரென்று இறங்கி அடியில் போய் டக்கென்றது. குனிந்தார். திரும்பினார். காதைப் பொத்தினார். வாயைத் திறந்தார். பொறியாளரும் திறந்தார்.

மரக்குண்டு எங்கே வெளியே வரும்? சற்று நேரம் அறையில் எல்லோரும் வாய் திறந்து நின்றார்கள். தலைவர் நிமிர்ந்தார். போன குண்டு என்ன ஆயிற்று என்று, யாரும் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தார். குழாயின் வாய்க்கு நேராகத் தலையை நீட்டி உள்ளே பார்த்தார்.

"தலைய எடுடா!"

அந்தக் குரலை மனைவிகூட அதுவரை கேட்டதில்லை. கொடி அறையில் இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். தலைவர் துள்ளினார். மூக்கு நுனியில் இருந்த கண்ணாடி குழாய்க்குள் விழுந்து, கலகலவென்று கீழே போய்ச் சேர்ந்தது.

எல்லோரும் குழாயைப் பார்த்தார்கள்.

"குண்டு வெடிக்கல," என்றார் அவர், சாதாரணக் குரலில். "எல்லாரும் வெளிய போங்க. அரை மணி நேரம் யாரும் பக்கத்துல வரக்கூடாது."

"அண்ணே, அது மரம்!" என்றார் இயக்குநர்.

"விதி குண்டப் பத்தி இல்ல மேடம். குழாயப் பத்தி. உள்ள போச்சு, வெளிய வரல. அரை மணி நேரம்."

கமிட்டி முற்றத்துக்குப் போனது. சத்தம் கேட்டு வந்தவர்கள் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். ஆறாம் அறையில் ஏதோ வெடிக்கப் போகிறதாம் என்று ஒருவர் சொல்ல, டிக்கெட் கிழிக்கிறவர் கதவைப் பூட்டிவிட்டுத் தானும் வந்தார். பாதியண்ணன் அறை வாசலில் கைகட்டி நின்றார். முகம் வெளுத்திருந்தது. தலைவரை 'டா' போட்டது அப்போதுதான் அவருக்கே கேட்டது. கொடி அறையின் ஃபேன் தலைக்குமேல் சுற்றுகிற மாதிரி இருந்தது.

முற்றத்து பெஞ்சில் தலைவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க சார். அந்தக் கண்ணாடி உங்களுக்கு அதிகம். இருபது நிமிஷமாப் பாக்கறேன், தலைய சாய்ச்சு சாய்ச்சுப் பாக்கறீங்க."

"போன மாசம்தான் மாத்தினேன். தலைவலி வருது."

"அதுக்கு முன்னாடி போட்டது?"

"அதுல எழுத்தே தெரியல."

"அப்ப அது குறைஞ்சிடுச்சு, இது தாண்டிடுச்சு. நடுவுல போடணும். இவ்வளவுதான் சார் அவரு வேலையும். நல்லா செய்வாரு. இன்னிக்குத் தப்பு என்னுது. அவரு மாத்திப் படிப்பாருன்னு தெரிஞ்சும் நானும் மாத்திக் காட்டிட்டேன்."

தலைவருக்குப் புரிய நேரமானது. எந்தக் கை, எந்தப் பக்கம் என்று அவள் இரண்டு தடவை நடித்துக் காட்டினாள். புரிந்ததும் அவர் சிரித்தார். கண்ணாடி இல்லாததால் எங்கே பார்த்துச் சிரிக்கிறார் என்று தெரியவில்லை.

"அப்ப நான் கொட்டாவி விட்டப்பல்லாம் அவரு நீட்டினாரா?" என்று கேட்டார் பொறியாளர்.

"நீங்க விடாம இருந்திருந்தா எப்பவோ முடிச்சிருப்பாரு சார்."

அரை மணி கழிந்தது. உள்ளே போனார்கள். முற்றத்துக் கூட்டமும் போனது. பாதியண்ணன் குழாயை அடித்தட்டிலிருந்து திருகி விடுவித்தார். பொறியாளர் அடிப்பக்கத்தைத் தூக்கினார். குழாயின் வாயில் அவர் இரண்டு கைகளையும் குவித்து நின்றார். முதலில் கண்ணாடி வந்தது. பின்னாலேயே குண்டு சரிந்து வந்து கைகளில் உட்கார்ந்தது. கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள். அவர் குண்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"சார், அந்த 'டா'..." என்று ஆரம்பித்தார்.

"குழாய்க்கு முன்னால தலைய நீட்டினா வேற என்னன்னு கூப்பிடறது?" என்றார் தலைவர், கண்ணாடியைத் துடைத்தபடி.

கமிட்டி இயக்குநர் அறையில் உட்கார்ந்தது. பொறியாளர் அறை முழுவதும் மேஜைதான் என்றார். பேராசிரியை ஒரு மேஜைகூடக் கூடாது என்றாள். தலைவர் இரண்டையும் கேட்டார். கடைசியில் கூட்டக் குறிப்பில் ஒரே சொல் எழுதினார். பாதி.

அதைக் கேட்டுப் பாதியண்ணன் மட்டும் ஆச்சரியப்படவில்லை. "வேற எப்படி வரும்?" என்றார்.

இப்போது ஆறாம் அறையின் குறுக்கே இடுப்பளவு தடுப்பு ஒன்று இருக்கிறது. இந்தப் பக்கம் நான்கு மோர்ட்டார், அந்தப் பக்கம் ஆறு மேஜை. சராசரி இருபத்திரண்டு நிமிஷம் என்று இயக்குநர் மேலே அறிக்கை அனுப்பியிருக்கிறார். அதில் எத்தனை நிமிஷம் டீக்கு என்று எழுதவில்லை. குண்டனுக்குள் இப்போது டிக்கெட் துண்டுக்குப் பதிலாகக் காகிதக் கோப்பை விழுகிறது.

பெரிய மோர்ட்டார் மேஜைகளைப் பார்த்து நிற்கிறது. முதல் நாளே அவர் பலகை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார். மிகக் குறைந்த மருந்தில் சுட்டாலும் எதிர்த் தெருவைத் தாண்டிப் போய்விடும். மேஜைகளுக்கு ஆபத்தில்லை. அதை டீ குடிப்பவர்களிடம் அவரே போய்ச் சொன்னார். அதற்குப் பிறகு அவர்கள் கொஞ்சம் சீக்கிரமாகக் குடித்தார்கள்.

கடை முடிந்து மனைவி தினமும் வருகிறாள். மூன்றாவது மேஜை. அவர் யாருக்காவது சொல்லிக்கொண்டிருப்பார். அவள் டீயை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைத் தூக்குவாள்.

"இது என் கையா, உன் கையா?" என்று அவர் அங்கிருந்தே சத்தமாகக் கேட்பார்.

"தாண்டிடுச்சுங்க!" என்று அவளும் சத்தமாகவே சொல்வாள்.

அவர் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, கேட்டுக்கொண்டிருந்தவரின் முகத்தைப் பார்ப்பார்.